அட்டையில் வெட்டிப் பார்க்கும் வரை

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் பேட்டர்ன் அறையில் கெசியாவுக்குப் பதினோரு வருடம் ஆகிறது. ஷூவின் மேல்பாகத்தைத் துண்டு துண்டாகக் கம்ப்யூட்டரில் வரைவது அவள் வேலை. அவள் வரைந்தபடிதான் மெஷின் தோலை வெட்டும். வெட்டிய துண்டுகள் கீழே தையல் லைனில் நாற்பது பெண்களின் கைக்குப் போகும். ஆழம் பார்க்காமல் காலை விடுகிற ஆள் இல்லை அவள். பிடிவாதக்காரி என்றும் சொல்லலாம், தப்பில்லை.

போன மாதம் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்றான் கம்ப்யூட்டர் பிரிவு சூரியபிரகாஷ். கெசியாவுக்குப் பழைய அனுபவம் ஒன்று இருந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படித்தான் மாற்றிவிட்டு, திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒரு பேட்டர்னும் திறக்கவில்லை. சரிசெய்ய ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாளும் தையல் பெண்களை கேட்டோடு திருப்பி அனுப்பினார்கள். அந்த முகங்களை அவள் மறக்கவில்லை.

ஆகவே தான் பயன்படுத்தும் ஒவ்வொரு சாஃப்ட்வேரின் பெயரையும் வெர்ஷனையும் தாளில் எழுதி, அதை விற்ற கம்பெனியின் இணையதளத்தில் புது சிஸ்டத்தோடு ஒத்துப்போகுமா என்று தேடினாள். வரைகிற சாஃப்ட்வேர் ஒத்துப்போகும். கலர் போட்டுக் காட்டுவதும் அப்படியே. வெட்டும் மெஷினுக்கு அளவை அனுப்புகிற சின்ன சாஃப்ட்வேரைப் பற்றி மட்டும் எங்கேயும் ஒரு வரி இல்லை. போன் செய்தால் எடுப்பாரும் இல்லை.

மூலையில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் முதலில் போட்டுக் காட்டச் சொல்லி சூரியபிரகாஷை நச்சரித்தாள். மூன்று நாள் தட்டிக்கழித்துவிட்டு நாலாம் நாள் போட்டான். எல்லாமே திறந்தது. மெஷினும் முரண்டு பிடிக்காமல் ஓடியது.

"அவ்ளோதாங்க்கா. இதுக்கா இவ்ளோ பேஜார் பண்ணீங்க?"

"தொறந்தா ஆச்சா? அட்டையில வெட்டி லாஸ்ட்ல வச்சுப் பாக்காம நான் எதையும் கீழ அனுப்ப மாட்டேன்."

லாஸ்ட் என்பது கால் வடிவக் கட்டை. எந்தப் பேட்டர்னையும் அட்டையில் வெட்டி அதன்மேல் பொருத்திப் பார்த்த பிறகே தோலைத் தொடுவது அந்த அறையின் வழக்கம். சிஸ்டத்துக்கும் அதே பரீட்சைதான் என்றாள். பள்ளிக்கூட ஷூ ஒன்றின் பக்கத்துண்டை வெட்டிக் கட்டைமேல் வைத்தாள். ஓரம் எட்டவில்லை. ஸ்கேலை வைத்தாள். திரையில் இருநூற்று நாற்பது மில்லிமீட்டர். அட்டையில் இருநூற்று முப்பத்தெட்டு. மெஷினுக்கு அளவை அனுப்புகிற இடத்தில்தான் குறைந்திருக்கிறது.

ரெண்டு மில்லிதானே என்று ஆரம்பித்த சூரியபிரகாஷ், தானே வாங்கி ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டான்.

அட்டையும் கட்டையுமாக மேனேஜர் ஷபீ அஹமதுவிடம் நேராகப் போனாள். பின்னே எப்போதுதான் மாற்றுவது என்று அவர் சலித்துக்கொண்டார்.

"அட்டை சரியா வர்ற அன்னிக்கு மாத்தலாம் சார். அதுவரைக்கும் என் ரூம் கம்ப்யூட்டர யாரும் தொடக்கூடாது."

அவர் ஒப்புக்கொண்டார். ஞாயிறன்று ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் மாறின. பேட்டர்ன் அறை மாறவில்லை. திங்கள் மதியம் சாப்பாட்டு நேரத்தில், வேலை ரொம்ப ஜாஸ்தி, நிமிரக்கூட நேரமில்லை என்று தையல் பெண்கள் கெசியாவின் பக்கத்தில் உட்கார்ந்தே புலம்பினார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவள் சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.