ஒரே வீட்டிலிருந்து இரண்டு பிராது

எனக்கு மருத்துவப் படிப்பில் இடம் உறுதி என்று தெரிந்த அன்று எங்கள் வீட்டில் இனிப்பு வாங்கவில்லை, சண்டைதான் நடந்தது. என் மதிப்பெண்ணுக்குப் பழைய கல்லூரிகள் எட்டாது, புதிதாகத் திறந்திருக்கும் இரண்டில் ஒன்று கட்டாயம் கிடைக்கும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஒன்று விருத்தாசலத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். இன்னொன்று தெற்கே, ராத்திரி ரயிலேறினால் விடிந்துதான் இறங்க வேண்டும். அம்மா பக்கத்துக் கல்லூரிக் கட்சி. அப்பா தூரத்துக் கல்லூரிக் கட்சி.

அப்பா செராமிக் கம்பெனியில் ஃபியூஸ் கட்டைப் பிரிவுக்கு சூப்பர்வைசர். ரயில் என்றால் உயிரை விடுவார். நம்ம ஜங்ஷனில் ஏறினால் எங்கும் மாறாமல் போய் இறங்கலாம் என்பதைத் தவிர அந்தக் கல்லூரியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. நேரில் பார்த்து வருகிறேன் என்று கிளம்பிப் போனார். திரும்பி வந்து, "ஸ்டேஷன் நல்லா நீட்டா இருக்குது. டீயும் பரவால்ல" என்றார்.

"காலேஜு?" என்றாள் அம்மா.

"அது ஊருக்கு வெளிய இருக்குதாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டு எங்கள் இருவரையும் பக்கத்துக் கல்லூரிக்கு இழுத்துப் போனாள். ஜல்லிக் குவியல் நடுவே வாட்ச்மேன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "மொத வருஷமே பொணத்த அறுக்கணுமாமே, அதெல்லாம் வந்துடுச்சாங்க?" என்று அம்மா விசாரித்தாள்.

"பெஞ்சே இன்னும் வரலைங்கம்மா" என்றார் அவர்.

அம்மா அசரவே இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரியை எட்டிப் பார்த்தாள். வராந்தா முழுக்க நோயாளிகள். "கூட்டம் அள்ளுது. நல்ல காலேஜுதான்" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு, ஜல்லிக் குவியல் ஓரமாகவே எங்களுக்குச் சோறு போட்டாள்.

பேசித் தீராத வழக்கென்றால் எங்கள் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் போவோம். மாடு திருட்டுப் போனாலும் சரி, மருமகன் கோபித்துக்கொண்டு போனாலும் சரி, சாமிக்கு ஒரு மனு எழுதிப் பூஜை செய்து கோயிலில் கட்டிவிட்டு வரலாம். அதற்குப் பிராது என்று பெயர். காரியம் ஆனதும் திரும்பப் போய் வாபஸ் வாங்க வேண்டும். அம்மா பிராது கட்டப்போவதாக அறிவித்தாள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்குமென்று என்னையே எழுதச் சொன்னாள்.

"என் வூட்டுக்காரரு ரயில் பைத்தியம்னு மொதல்ல எழுது. என் பொண்ணு எங் கண்ணுக்கெட்டுற தூரத்துல இருக்கணும். அதுக்கு வழி பண்ணுப்பான்னு எழுது."

எழுதிக் கொடுத்தேன். விஷயம் தெரிந்த அப்பா மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். அவர் கோர்ட் பாஷையிலேயே சொன்னார்: "எதிர்த்தரப்புப் பிராதைத் தள்ளுபடி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." அதையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேரும் தனித்தனியே போய்க் கட்டிவிட்டு வந்தார்கள். வாதி, பிரதிவாதி இரண்டு பேருக்கும் நானே வக்கீல் குமாஸ்தா. ஆனால் உனக்கு எது வேண்டும் என்று இரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் படிக்கப் போகிறவள் நான்!

சென்னைக் கவுன்சலிங்குக்கு மூவருமே போனோம். கூடத்துக்குள் மாணவியோடு ஒருவர்தான் வரலாம் என்றார்கள். அவ்வளவுதான், வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது.

"நீங்க வாயத் தொறக்காம நில்லுங்க, நான் போறேன்" என்றாள் அம்மா.

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்றார் அப்பா.

"உங்களுக்கு மட்டும் தெரியுமாங்க?"

அதற்குள் என் முறை வந்துவிட்டது. சத்தம் போடாமல் நான் மட்டும் உள்ளே நழுவினேன்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "எந்தக் காலேஜ் வேணும்மா உனக்கு?" என்றார். அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டவர் முன்பின் தெரியாத அவர்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் காலையில் எத்தனை இட்லி தின்றேன் என்று தெருவுக்கே தெரியாத ஓர் ஊரில் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. "தெற்க இருக்கறதுங்க மேடம்" என்றேன்.

வெளியே வந்து சொன்னதும் அப்பா தேர்தலில் ஜெயித்தவர்போல் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அம்மா டீயைத் தொடவில்லை. ரயில் விழுப்புரம் தாண்டியதும் அப்பாதான் மெல்ல ஆரம்பித்தார். "நாளைக்கே போயி என் பிராத வாபஸ் வாங்கிடுறேன். நீயும் வாங்கிடு. ஒரே வூட்டுலேருந்து ரெண்டு கேஸு கெடக்கக் கூடாது."

"நான் எதுக்கு வாங்கணும்? என் கேஸு இன்னும் நடக்குது" என்றாள் அம்மா. நானும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் என் இஷ்டப்படி இருந்தேன். இட்லியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சாப்பிடாமல் படுத்தபோதும் யாரும் கேட்கவில்லை. வாரக் கடைசியில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாள்.

"அம்மா, அந்தப் பிராத வாபஸ் வாங்கிட்டியா?"

"இல்லடி. உங்கப்பாதான் வாங்கு வாங்குன்னு உசுர எடுக்கறாரு. போயிட்டு வந்துடலாமான்னு பாக்குறேன்."

"வாங்காதம்மா" என்றேன்.