வெயிலில் போட்ட நாற்காலி

"நானூத்திப் பன்னெண்டு," என்றார் லக்ஷ்மிநாராயணன் மாமா என்னிடம், கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூட வாசலில் நின்றபடி. "இலை முன்னூத்தம்பதுதான் வந்திருக்கு. சந்தானம், பேசாம முதல் பந்தில உக்காந்துடு. மூணாம் பந்திக்குப் பாயசம் கிடையாது." வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. உள்ளே கட்டைவிரல் அசைந்துகொண்டே இருந்தது. அந்தப் பையில் தலை எண்ணுகிற கவுண்டர் ஒன்று உண்டு. அமுக்கினால் டிக் என்று ஒரு எண் ஏறும். பெண் கழுத்தில் தாலி ஏறியதை மாமா பார்க்கவில்லை, பார்த்தவர்களை எண்ணி முடித்திருந்தார். மூன்றாம் பந்திக்கு நிஜமாகவே பாயசம் இல்லை.

கல்கத்தா துறைமுகத்தில் டிராபிக் பிரிவில் முப்பத்துநாலு வருஷம். கங்காசாகர் யாத்திரிகர்களை படகுத்துறையில் வரிசை கட்டிப் படகேற்றுவது பல வருஷம் அவர் பொறுப்பு. ஜனங்களைத் தவிர அவருக்கு வேறு எதிலும் ருசி கிடையாது. கிரிக்கெட் என்றால்கூட ஆட்டம் முடிந்து மைதானம் எத்தனை நிமிஷத்தில் காலியாகிறது என்றுதான் பார்ப்பார். துர்கா பூஜைக்கு டாக்குரியா வட்டாரத்தின் எல்லாப் பந்தல்களுக்கும் போவார். மூங்கில் தடுப்புக்கு நடுவே கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வெளியேறும் வாசலிலேயே நிற்பார். "இருபது வருஷமா பூஜைக்குப் போறார். துர்கை மூஞ்சியை ஒரு தரம் பாத்திருந்தா கேளு," என்பாள் சாவித்ரி மாமி.

அவர் வாயில் அடிக்கடி வரும் வாசகம் ஒன்று உண்டு. "கூட்டம் தள்ளாதுடா. வாசல்தான் தள்ளும்." நெரிசலில் யாராவது விழுந்தார்கள் என்று பேப்பரில் வந்தால் விழுந்தவர்கள் மேல் கோபப்பட மாட்டார். கட்டினவனைத்தான் வைவார். "மடையன், வழி விட்டானா பாரு!"

இந்த வாசகத்தைக் கேட்டுத்தான் 2002-ல் அவரைக் கூப்பிட்டார்கள். நகரத்துக்குக் கிழக்கே ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. பெயர் வேண்டாம். அதில் 'பனி நாடு' என்று புதிதாக ஒரு பகுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். செயற்கைப் பனிமலை, பனிவீடு, சறுக்குமரம். டிசம்பர் இருபத்தைந்து திறப்பு. கிறிஸ்துமஸை இங்கே 'பொடோ தின்', பெரிய நாள் என்பார்கள். அன்றைக்குக் கல்கத்தாவில் வீட்டில் இருப்பவன் நோயாளி. எத்தனை பேர் வருவார்கள், எங்கே நிற்பார்கள், எப்படி வெளியே போவார்கள் என்று சொல்ல வேண்டியது மாமாவின் வேலை. அறுபத்துமூன்று வயதில் புதுச் சட்டை நாலு தைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு மேஜையில் பனி நாடு எழும்பியது. ஸ்கேல்கள் சுவர், தீப்பெட்டிகள் வாசல், துவரம்பருப்பு ஜனங்கள். ஒரு கரண்டி பருப்பை ஒரு பக்கம் கொட்டி, மேஜையை மெல்லத் தூக்கி, எங்கே அடைக்கிறது என்று பார்ப்பார். "ஏழு நிமிஷத்துக்கு மேல சும்மா நின்னா குழந்தை அழும். குழந்தை அழுதா அப்பன் முண்டுவான். அதனால ஏழாம் நிமிஷத்துல சுவத்துல ஒரு கரடி பொம்மை." வரிசைக்கு மேலே பூராவும் கூரை. மாமி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "சாம்பாருக்கு நாழியாச்சு. உங்க ஜனங்களைத் திருப்பிக் குடுங்கோ," என்பாள். பொறுக்கிப் பொறுக்கிக் கொடுப்பார்.

ஒருநாள் மாமி மேஜையருகே நின்று கேட்டாள். "இது என்ன, இவ்ளோ அகலமா, மேல கூரையே இல்லாம?"

"வெளில போற வழி. வேணும்னேதான் கூரை போடல. வெயில்ல எவன் நிப்பான்? தலை சுட்டா கால் தானா நடக்கும்."

"டிசம்பர்லயா? எதிர்வீட்டுப் பெங்காலி பௌதி பத்து மணிக்கே மொட்டை மாடில பாய் போட்டு வெயில் காயறா. கூப்பிட்டா இறங்கியே வர மாட்டா."

"நீ பருப்பைப் பாரு," என்றார் மாமா.

நாற்பது வருஷமாகக் கல்கத்தாவில் இருக்கிற மனுஷர். மங்கி கேப் போடக் கற்றுக்கொண்டிருந்தார், குளிருக்கு இருமக் கற்றுக்கொண்டிருந்தார். உடம்பு மட்டும் திருச்சியை விட்டு வரவேயில்லை. வெயில் என்றால் ஓடு என்றுதான் அதற்குத் தெரியும். நானும் அந்த மேஜையைப் பார்த்தேன். நான் மதுரைக்காரன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பெரிய நாளன்று எனக்கும் பாஸ் கொடுத்து அழைத்துப்போயிருந்தார். கண்காணிப்பு மேடையில் பக்கத்தில் நின்றேன். இருபத்திரண்டாயிரம் என்று சொல்லியிருந்தார், இருபத்தோராயிரத்துச் சொச்சம் வந்தது. வரிசை தண்ணீர் மாதிரி போனது. கரடியைக் கண்டு குழந்தைகள் சிரித்தன. மாமா என் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

பதினொன்றரைக்கு வயர்லெஸ்ஸில் கலியனின் குரல் வந்தது. கலியன் வாசல் காவலுக்குப் பொறுப்பாளர். மன்னார்குடிப் பக்கம், பட்டாளத்தில் இருந்தவர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மாமாதான். "சார், வெளிய போற பாதையில பாய் விரிச்சு உக்கார்றாங்க சார். லூச்சி பூரி, ஆரஞ்சுன்னு கட்டிட்டு வந்துருக்காங்க. எழுப்பட்டுங்களா?"

"விடு கலியா. வெயில் ஏறட்டும், தானா எழுந்து போயிடுவா."

பன்னிரண்டரைக்கு மறுபடி. "சார், ரொம்ப பேராயிட்டாங்க சார்."

"பண்டிகை நாள். பொம்மனாட்டி குழந்தைகளை விரட்டாதே. விடுன்னேனே."

வெயில் ஏறியது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஏற ஏற இன்னும் வந்தார்கள். ஸ்வெட்டரைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுத்தார்கள். பூங்காவிலேயே வெயில் விழுகிற அகலமான இடம் அது ஒன்றுதான், மாமா அவர்களுக்காகவே கட்டி வைத்தது மாதிரி. இரண்டு மணிக்குப் பனிவீட்டில் காட்சி முடிந்து அறுநூறு பேர் ஒரே மூச்சில் வெளியே வந்தார்கள். கால் வைக்க இடமில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியாது. படியில் பதினோரு பேர் விழுந்தார்கள். பெஹாலாவிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு மணிக்கட்டு முறிந்தது. அவள் கத்தியது மேடை வரைக்கும் கேட்டது. மாமாவின் கட்டைவிரல் பைக்குள் அமுக்கிக்கொண்டே இருந்தது. என்னத்தை எண்ணினாரோ, பாவி மனுஷர்.

உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் பேப்பரில் வந்துவிட்டது. யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள் என்றது நிர்வாகம். ஞாயிற்றுக்கிழமை காலை மாமா கையெழுத்துப் பிரதியோடு என் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்திருக்கவில்லை. "நீ பேங்க் ஆபீசர், உன் இங்கிலீஷ் நன்னா இருக்கும். கொஞ்சம் சரி பண்ணிக் குடு."

நாலாவது பத்தியில் அந்த வரி இருந்தது. பாதையில் அமர்ந்தவர்களை அப்புறப்படுத்த வேண்டிய காவல் பொறுப்பாளர் கலியன் அதைச் செய்யத் தவறினார். நான் நிமிர்ந்து பார்த்தேன். மாமா ஜன்னலைப் பார்த்தார். "அவனை வேற எடத்துக்கு மாத்துவா, அவ்ளோதான். முப்பத்துநாலு வருஷம் ஒரு கறை இல்லாத பேருடா எனக்கு."

மேடையில் பக்கத்தில் நின்றவன் நான். இரண்டு தடவையும் காதால் கேட்டவன். 'மாமா, இது பொய்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் என்ன செய்தேன் தெரியுமா? வரி கொஞ்சம் மொட்டையாக இருக்கிறதே என்று 'முற்றிலும்' என்ற பொருளில் ஒரு சொல் சேர்த்தேன். முற்றிலும் தவறினார். காதுக்கு நன்றாக இருந்தது. தூ! இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

கலியனை மாற்றவில்லை, ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா அலைந்து திரிந்து நானும் மாமாவும் இருக்கும் குடியிருப்பிலேயே அவருக்கு வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தார். கொடுத்தார் என்றா சொல்வது! அதுதான் வினையாய்ப் போயிற்று. அன்றிலிருந்து மாமா வெளியே போகும்போதும் வரும்போதும் ஒரு பட்டாளத்து சல்யூட். குளிர்காலத்தில் பதினோரு மணிக்கு கேட்டருகே வெயில் விழும் இடமாகப் பார்த்து ஒரு நாற்காலி. "உக்காருங்க சார், வெயில் எதமா இருக்கு." மாமா உட்கார்ந்ததே இல்லை. மங்கி கேப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, மின்மீட்டர் பெட்டியின் நிழலில் நடுங்கியபடி நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார்.

ஒருநாள் கலியன் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "பார்க் மேனேசர் என்னென்னமோ கேட்டாரு சார். எழுப்ப வேணாம்னது யாருன்னு நான் வாயே தொறக்கல. சார் பேரு கெடலாமா? எந்தப் பய எம்மேல எழுதிக் குடுத்தானோ, அவன் நல்லாருக்கட்டும்." எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பால் வாங்கப் போகணும் என்று சொல்லி நகர்ந்தேன்.

மூன்று டிசம்பர் இப்படியே ஓடியது. போன பொடோ தின்னுக்கு முந்தின நாள் கலியன் மாடியேறி வந்து மாமியிடம் ஒரு பை ஆரஞ்சு கொடுத்து, "சாருதான் எங்க குடும்பத்துக்குச் சாமி," என்று கும்பிட்டிருக்கிறார். மாமி பையை அப்படியே மேஜைமேல் வைத்தாள். பருப்பு கொட்டின அதே மேஜை. "நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டாளாம்.

மறுநாள் பதினோரு மணிக்கு மாமா என் கதவைத் தட்டினார். கையில் அந்த அறிக்கையின் நகல். "கூட வா. தனியா முடியாது." இறங்கினோம். சல்யூட். வெயிலில் நாற்காலி. மாமா காகிதத்தை நீட்டினார். கலியன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "இங்கிலீஸா இருக்கே. என்னன்னு படிச்சுச் சொல்லுங்க சார்."

தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். நாலாவது பத்தி வந்தது. சொன்னேன். 'முற்றிலும்' என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். அப்போதுகூட எனக்குத் தைரியம் வரவில்லை பாருங்கள். கீழே கையெழுத்து யாருடையது என்று கலியன் கேட்கவில்லை. மாமாவே சொன்னார். "நான்தாம்பா எழுதினேன். எழுப்பாதேன்னதும் நான்தான், நீ எழுப்பலைன்னு எழுதினதும் நான்தான்."

கலியன் காகிதத்தை வாங்கி நாலாக மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன், மாமாவுக்குப் போட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மாமா முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வெளியே ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. கலியன் அசையவில்லை. மறுபடியும் அடித்தது. மாமா பைக்குள்ளிருந்து கையை எடுத்தார், மங்கி கேப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், வெயிலில் இறங்கி நடந்துபோய் கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டு, கார் உள்ளே போகும்வரை ஓரமாக நின்றார்.