கொடுப்புக்குள் வந்த வெள்ளை

இரண்டு வருடங்களுக்கு முந்திய குளிர்காலம் அது. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், கால்சாப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்தில் நான் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இடுப்பெலும்பு முறிந்த பிறகு என்னால் படியேற முடியவில்லை. மகளுக்கு நகரத்தின் பொலிதேயாமாப் பக்கத்தில் ஓர் இத்தாலிய அம்மாவின், அவர்கள் சொல்லும் சிஞ்ஞோராவின், வீட்டில் காலை முதல் இருட்டும் வரை வேலை. வேறு வழியில்லை. இல்லத்தில் முப்பத்தொரு பேர் இருந்தோம். அதில் தமிழன் நான் ஒருவன்தான். பராமரிப்பு வேலை செய்தவர்களில் ஒருத்தி முல்லைத்தீவுப் பெண் என்பதால், கதைக்க ஓர் ஆள் கிடைத்தது.

எதையும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். கணக்கு வாத்தியாராக இருந்தவனை அது விடாது. என் வாயில் மிஞ்சியிருந்த பற்கள் பதினொன்று. அவற்றில் கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்று கொதிக்கத் தொடங்கியது. யாருக்கும் சொல்லவில்லை. பல் வலி என்று சொன்னவர்களை அங்கே ஜன்னலோரத்து மேசைக்கு மாற்றிவிடுவார்கள். அந்த மேசையில் எல்லாமே அரைத்த சாப்பாடு. அங்கு போன ஆறு பேரில் ஒருவரும் பழைய மேசைக்குத் திரும்பியதை நான் காணவில்லை. அதனால் எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதைச் செய்தேன். ஆஸ்பிரின் குளிசையைப் பாதியாக உடைத்து, பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையில் அடக்கிக்கொண்டு படுத்தேன். வலி அடங்கியது.

சில நாட்கள் கழித்து முகம் மழிக்கும்போது கண்ணாடியில் அதைக் கண்டேன். கொடுப்புக்குள், கன்னத்தின் உட்பக்கத்தில், வெள்ளையாக ஒரு படலம். நாக்கு பட்டால் சொரசொரத்தது. ரேசரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

என் அண்ணருக்கும் வாய்ப்புற்றுநோய் இப்படித்தான் தொடங்கியது. அவருக்கு வெற்றிலையும் புகையிலையும் ஓயாது. நானும் முப்பது வருடம் போட்டவன். கடைசி நாட்களில் அவர் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் மன்னாரில் கிடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து இல்லத்துக்கு ஒரு கமரா வந்தது. பேனா அளவுதான் இருக்கும். நுனியில் வெளிச்சம். அதை வாய்க்குள் விட்டால் படம் டேப்லெட் திரையில் விழும். நகரத்தின் இன்னொரு பக்கத்தில் இருந்தபடி பல் டாக்டர் அதைப் பார்ப்பார். எங்களைப் போல் நடக்க முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு திரியத் தேவையில்லை. எல்லோரும் மெச்சினார்கள். நானோ சாட்டுச் சொன்னேன். முதல் முறை தலைச்சுற்று என்றேன். அடுத்த முறை விரதம் என்றேன்.

“என்ன விரதம் ஐயா? காலமை ரண்டு துண்டு பாண் சாப்பிட்டனீங்கள். நான்தானே தந்தனான்,” என்றாள் முல்லைத்தீவுப் பெண். “கமரா கடிக்காது. நீங்கள் அதைக் கடிக்காமல் இருந்தால் காணும்.”

வாயைத் திறந்தேன். திரையில் தெரிந்த டாக்டர் இளம் பெண். சிரித்துக்கொண்டே தொடங்கியவர், படத்தைப் பெரிதாக்கியதும் சிரிப்பை நிறுத்தினார். புகைப்பீர்களா, எதையாவது மெல்வீர்களா, வாய்க்குள் ஏதும் வைப்பீர்களா என்று அவர் இத்தாலியனில் கேட்டதை முல்லைத்தீவுப் பெண் தமிழில் சொன்னாள். வெற்றிலை போட்ட காலத்தைச் சொன்னேன். குளிசையைச் சொல்லவில்லை. சொன்னால் பல்லுக்கொதி வெளியே வந்துவிடும். இரண்டு கிழமையில், அதாவது பதினான்கு நாளில், இன்னொரு படம் எடுப்போம், மாறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சிறு துண்டு சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்.

அந்த இரண்டு கிழமையும் நாக்கு அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பயறளவாக இருந்தது பட்டாணியளவாகியது. பிறகு அவரைக்கொட்டை. பயத்தில் பல் இன்னும் கொதிப்பது போலிருந்தது. பாதிக் குளிசை போதாமல் முழுக் குளிசை வைத்தேன். நான் போய்விட்டால் இந்த ஊரில் மகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்கள்கூடத் தேவைப்படவில்லை.

இரண்டாவது படத்துக்கு மகளும் லீவு கேட்டுக்கொண்டு வந்தாள். டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெள்ளை இரண்டு மடங்காகியிருந்தது. விளக்கம் தேவைப்படவில்லை. மகள் என் தோளைப் பிடித்தாள். அவளுடைய விரல்கள் குளிர்ந்திருந்தன.

டாக்டர் புதிய படத்தை மேலும் மேலும் பெரிதாக்கினார். ஈறின் ஓரத்தில் மாப்போல ஏதோ ஒட்டியிருந்ததைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார்.

முல்லைத்தீவுப் பெண் என்னைப் பார்த்தாள். “ஐயா, அது குளிசைத் துண்டு போலை கிடக்காம். என்ன குளிசை எண்டு கேக்கினம்.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“அப்பா, என்ன போட்டனீங்கள்?” மகள் முன்னால் வந்து குனிந்தாள். “சொல்லுங்கோ.”

“ஆஸ்பிரின். பல்லுக்கொதிக்கு.”

“வாய்க்குள்ளை மருந்துக்கடை திறந்து வைச்சிருக்கிறார் மனிசன்,” என்றாள் முல்லைத்தீவுப் பெண். பிறகு அதை இத்தாலியனில் டாக்டருக்கும் சொன்னாள் போலும், திரைக்குள் அவரும் ஒரு கணம் சிரித்தார். ஆனால் உடனே முகம் மாறிவிட்டது. அந்தக் குளிசை விழுங்குவதற்கானது, சதையில் வைத்தால் வெந்துபோகும், இது அந்தப் புண்ணாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். இத்தனை வருடம் வெற்றிலை போட்ட வாய் என்பதால் ஆஸ்பத்திரியில் சதை எடுக்கவும் ஒரு திகதி வாங்குகிறேன், அதற்கு முன் குளிசையை நிறுத்தி இன்னொரு படம் பார்ப்போம் என்றார். பல்லில் சீழ் பிடித்திருந்ததால் அதைப் பிடுங்கவும் ஏற்பாடு செய்தார்.

அந்தக் காத்திருப்பு முன்னையதைவிடப் பயங்கரம். முன்பு முடிவு தெரிந்துவிட்டது என்று கிடந்தேன். இப்போது ஒரு சிறு நம்பிக்கையைத் தந்துவிட்டார்கள், அது நித்திரையைக் கெடுத்தது. பல் போய் அரைத்த சாப்பாட்டு மேசையில் இருந்தபோதும் என்ன சாப்பிட்டேன் என்று தெரியவில்லை. நாக்கால் தொட்டுப் பார்க்கவும் துணிவில்லை.

மூன்றாவது படம் எடுத்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். மகள் என் கையைத் தட்டினாள். கண்ணைத் திறந்தால் திரையில் மூன்று படங்கள் வரிசையாக இருந்தன. கடைசிப் படத்தில் என் கொடுப்பு குழந்தையின் கொடுப்பு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. ஆஸ்பத்திரித் திகதியை டாக்டர் ரத்துச் செய்தார். மாதம் ஒரு படம் மட்டும் கட்டாயம் என்றார்.

மகள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். “அப்ப நான் வேலைக்குப் போறன் அப்பா,” என்று மட்டும் சொன்னாள். கதவடியில் அவள் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன்.

இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கமரா வாய்க்குள் வரும்போது எனக்குப் பயம்தான். ஆனால் பயந்துகொண்டே வாயைத் திறக்கலாம் என்பதை இந்த வயதில்தான் கற்றுக்கொண்டேன்.