குளிக்காத எருமையின் பால்

அறுபத்து நாலோ அறுபத்தைந்தோ, வருடம் இப்போது சரியாக நினைவில்லை. என் மூத்தவன் அப்போது தவழக்கூடத் தெரியாத கைக்குழந்தை. பம்பாயில் செம்பூருக்கும் தேவ்நாருக்கும் நடுவே, புல்லும் சேறுமாகக் கிடந்த ஒரு வெற்று நிலத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் குடியிருந்தோம். அறையை ஒட்டி ஒரு கொட்டகை. அறையில் நாங்கள் மூன்று பேர், கொட்டகையில் இரண்டு எருமைகள். ஒருத்தி பெரியவள், ஒருத்தி சின்னவள். என் கழுத்திலும் கையிலும் கிடந்ததெல்லாம்தான் எருமைகளாக மாறி அங்கே நின்றுகொண்டிருந்தது.

என் கணவர் அதற்கு முன்னால் தாராவியில் தோல் பதனிடும் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று நின்று அவருடைய கையும் காலும் வெந்து போயிருந்தன. ராத்திரி படுத்தால் இருமல் விடாது. ஒரு நாள், "இனிமே அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்ட்டி" என்று சொல்லிவிட்டு வந்தார். ஊரில் அவர்கள் வீட்டில் மாடு உண்டு. தெரிந்த தொழிலையே செய்வோம் என்று எருமை வாங்கினோம்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பால் ஊற்றி, தீவனத்துக்குக் கடன் வைத்து ஒருவாறு பிழைப்பு ஓடியது. ஆனால் எங்களுக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. மாட்டுங்காவில் சாப்பாட்டு மெஸ் நடத்திய ஒரு பெரியவர், ஜனவரி முதல் தேதியிலிருந்து காலையில் காபியும் பலகாரமும் ஆரம்பிப்பதாக இருந்தார். அதற்குத் தண்ணீர் கலக்காத கறந்த பால் தேடிக்கொண்டிருந்தார். என் கணவர் நேரே போய்ப் பேசினார். அந்த மனிதர் ஆசாரம் பார்க்கிறவர். பால் எப்படிப்பட்ட இடத்திலிருந்து வருகிறது என்று துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். இவரும் விடவில்லை. "மத்த தபேலா மாதிரி இல்ல சாமி, நாங்க குளிச்சு, எருமையையும் குளிப்பாட்டித்தான் கறப்போம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். தபேலா என்றால் பம்பாயில் மாட்டுக் கொட்டகை. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் சரி என்றார். முதல் தேதிக்கு முன்னால் ஒரு நாள் நேரில் வந்து பார்ப்பேன் என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்த ஒரு மெஸ் கிடைத்தால் போதும், வருடம் முழுவதும் கவலையில்லை. கிடைக்காவிட்டால் தீவனத்துக்கே வழியில்லை. ஓர் எருமையை விற்க வேண்டும், இவர் மறுபடியும் தோல் கிடங்குக்குப் போக வேண்டும். இதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு பேருக்குமே ராத்திரித் தூக்கம் சரியாக இல்லை.

மார்கழி பிறந்தது. ஊர் வழக்கப்படி இருட்டோடு எழுந்து நான் தலைக்குக் குளித்தேன், கொட்டகை வாசலில் கோலம் போட்டேன். அவர் எருமைகளைக் குளிப்பாட்டினார், நெற்றியில் குங்குமம் வைத்தார். கொடுத்த வாக்குக்கு ஒத்திகை பார்க்கிறோம் என்று எங்களுக்குள் ஒரே சந்தோஷம். பம்பாயில் குளிர் கிடையாது என்பவர்கள் அந்த வருடம் அங்கே இருந்திருக்க வேண்டும். தெருமுனையில் ஜனங்கள் பழைய டயரைக் கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். பால்காரர்களுக்கு அது நல்ல காலம். வெயில் குறைந்தால் எருமைக்கு நன்றாகப் பால் சுரக்கும். பக்கத்துத் தபேலாவில் கேன் கேனாகப் பால் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் கொட்டகையில் மட்டும் பால் இறங்கிக்கொண்டே வந்தது.

முதலில் கால் பங்கு குறைந்தது. பிறகு பாதியானது. மடி நிறையப் பால் இருக்கும், தொட்டால் கல் மாதிரி இருக்கும், கறந்தால் வராது. பெரியவளும் சின்னவளும் பாலை அடக்கிக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். பருத்திப் பிண்ணாக்கில் கலப்படம் என்று இவர் தீவனக் கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். பக்கத்துத் தபேலாக்காரர் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். "பேச் டாலோ, அண்ணா" என்றார். விற்றுத் தொலை என்று அர்த்தம். சின்னவள்மேல் அவருக்கு முதலிலிருந்தே ஒரு கண். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்று மத்தியானம் இவர் பழைய தோல் கிடங்குச் செருப்பைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தார்.

மறுநாள் காலையில் குளிர் இன்னும் அதிகம். குளித்துவிட்டு வந்தேன். எங்களுக்குக் கிணறு கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் குழாயில் பிடித்து வெளியே இரும்பு டிரம்மில் நிரப்பி வைத்த தண்ணீர்தான். பல் கிட்டிப் போகும். நடுங்கிக்கொண்டே பிள்ளையை எடுத்து மடியில் போட்டால், பசியில் வீறிட்டு அழுகிறான், எனக்குப் பால் இறங்கவே இல்லை. மார்பு கனத்துக் கிடக்கிறது, ஆனால் வரவில்லை. பயந்து போய் அடுப்பைப் பற்றவைத்துச் சுக்குத்தண்ணீர் குடித்தேன், கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரமாக உட்கார்ந்தேன். உடம்பு சூடேறிய பிறகுதான் பால் வந்தது. பிள்ளை மூச்சு முட்டக் குடித்தான்.

அந்த நேரத்தில் இவர் பாதி வாளிப் பாலோடு உள்ளே வந்தார். "இவளுவளுக்கு என்ன கேடு வந்துச்சுன்னே தெரியல" என்றார்.

எனக்குச் சுரீரென்று உறைத்தது. ஊரில் மார்கழியில் குளிப்பாட்டுவது கிணற்றுத் தண்ணீரில். விடியற்காலையில் அது வெதுவெதுவென்று ஆவி பறந்துகொண்டிருக்கும். இங்கே நாங்கள் ராத்திரி முழுவதும் பனியில் நின்ற இரும்பு டிரம்மிலிருந்து மொண்டு ஊற்றுகிறோம். எனக்கு நின்றது போலத்தானே அவர்களுக்கும் நின்றிருக்கும்?

"ஏங்க, நாளையிலிருந்து குளிப்பாட்டாதீங்க" என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. "கிறுக்கு புடிச்சிருக்காட்டி உனக்கு? நீ மனுசி, அது எருமை. குளிப்பாட்டித்தான் கறப்பேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்லா?"

"ரெண்டும் பிள்ளை பெத்த உடம்புதான? எருமைக்குக் குளிராதுன்னு உங்ககிட்ட அது சொல்லிச்சா?"

அதுவரை அவர் பேச்சுக்கு நான் எதிர்த்துப் பேசியது கிடையாது. கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பெரியவள் அவர் கணக்கு, வழக்கம்போலக் குளியல். சின்னவள் என் கணக்கு. மத்தியானம் வெயிலில் அவளைத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். ராத்திரி சாக்குகளைச் சேர்த்துத் தைத்து முதுகில் போர்த்தினேன். காற்று வருகிற பக்கம் தார்ப்பாயால் அடைத்தேன். விடிந்ததும் வெந்நீரில் துணி நனைத்து மடியை மட்டும் துடைத்துவிட்டேன். தவிட்டில் வெல்லத்தையும் வெந்தயத்தையும் போட்டுச் சூடாகக் கரைத்து வைத்தேன். இவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வெந்தயம் தீர்ந்துபோனதும் கேட்காமலே வாங்கி வந்து வைத்தார்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. "பாத்தியா?" என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நாளும் பெரிய மாற்றமில்லை. எனக்கே பயம் வந்துவிட்டது. அதற்கும் அடுத்த நாள் அவர் சின்னவளிடம் உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தபோது நான் உள்ளே அடுப்படியில் இருந்தேன். வாளியில் பால் விழுகிற சத்தம் நிற்கவே இல்லை. வெளியே ஓடி வந்து பார்த்தால் வாளி விளிம்பு வரை நுரை. இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுந்துபோய்ப் பெரியவள் முதுகில் தன்னுடைய போர்வையை எடுத்துப் போட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆனால் வாக்கு என்ன ஆவது? வருடக் கடைசி நாள் விடியற்காலையில், சொன்னபடியே மெஸ்காரர் வந்து நின்றார். தலையில் மப்ளர், கையில் குடை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு எருமைகளும் சாக்கும் போர்வையும் போர்த்திக்கொண்டு நிற்கின்றன, உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"என்னய்யா இது? குளிப்பாட்டிக் கறக்கறதுன்னுதானே சொன்னீர்?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். இவரே ஏதாவது பொய் சொல்லிச் சமாளிப்பாரோ என்று எனக்குக் கவலை. அதற்குள் நான் முந்திக்கொண்டேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெஸ்காரரை டிரம் பக்கம் கூப்பிட்டேன்.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. இதுல கையை விட்டுப் பாருங்க."

என்ன நினைத்தாரோ, கையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு நீங்க எதுல குளிச்சீங்க?" என்று கேட்டேன்.

"வெந்நீர்தாம்மா. இந்தக் குளிர்ல..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எங்கள் கொட்டகையே அதிர்ந்தது. எருமைகளை மத்தியானம் குளிப்பாட்டுவதையும் மடியை வெந்நீரில் துடைப்பதையும் எனக்கு நடந்ததையும், கூச்சத்தை விட்டு அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கறந்து முடிக்கும் வரை அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து, உள்ளே பால் கெட்டியாக ஒட்டி நிற்கிறதா என்று பார்த்தார்.

"நாளைக்குக் காலம்பற பால் வந்துடணும். குளிப்பாட்டற நேரத்தை உங்காத்துக்காரியே முடிவு பண்ணட்டும்" என்று இவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

புது வருடத்தன்று இவர் சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன்களைக் கட்டிக்கொண்டு சயான் வழியாக மாட்டுங்காவுக்குப் போனார். போகும்போது விசில் அடித்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் விசில் அடித்து நான் கேட்டதே இல்லை. வாசலில் நின்று, சைக்கிள் தெருமுனை திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ராணி மாதிரி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு கர்வம் எனக்கு. சாயங்காலம் அந்தத் தபேலாக்காரரே வந்து எங்கள் தார்ப்பாய் மறைப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவருடைய எருமைகளும் சாக்கு போர்த்தியிருந்தன.

பிறகு எருமைகள் பெருகின, கொட்டகை நீண்டது, மெஸ்ஸைப் பார்த்து இன்னும் சில ஹோட்டல்களும் எங்களிடம் வந்தன. என் கணவர் கடைசி வரை தோல் கிடங்குப் பக்கம் போகவே இல்லை. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், கணக்கும் அவ்வளவாக வராது. ஆனால் என் உடம்புக்குத் தெரிந்த ஓர் உண்மையைப் பொம்பளைப் பேச்சு என்று நானே விழுங்கிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் அவர் இருமிக்கொண்டே சுண்ணாம்புத் தொட்டிக்குத் திரும்பியிருப்பார் என்பதை நினைக்கும்போதெல்லாம், அன்று வாய் திறந்த அந்தச் சின்னப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.