மூன்றாம் முறை தெலுங்குத் தேர்வு

ஆந்திர மாநிலம் பிறந்தது 1953 அக்டோபரில். திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது 1960 ஏப்ரலில். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் தெலுங்குத் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். என் நாட்குறிப்பின்படி இரண்டுமே சனிக்கிழமைகள்.

ஆந்திராவோடு சேர்ந்துவிட்ட கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியை. மூன்று வாய்ப்புக்குள் தெலுங்கில் தேறாவிட்டால் வேலை போய்விடும் என்று உத்தரவு வந்தது. பேச்சில் எனக்குக் குறையில்லை. சந்தையில் தெலுங்கில்தான் சண்டை போடுவேன். எழுத்துதான் தகராறு. இரண்டாம் முறை சித்தூரில், சொல்வதை எழுதும்போது முதல் பக்கம் ஒழுங்காகப் போனது. பிறகு பயம் பிடித்துக்கொண்டது. தாளை வாங்கிய மேற்பார்வையாளர் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். கடைசி ஏழு வரிகளிலும் சொற்கள் தெலுங்கு, எழுத்துகள் தமிழ். அறையே சிரித்தது.

மறுவாரம் திருத்தணியிலிருந்து அண்ணன் வந்தார்.

"இன்னாத்துக்கும்மா இந்த ரோதனை? திருத்தணி எப்படியும் மெட்ராஸ் பக்கம் போய்டும்னு பேசிக்கினு கீறாங்க. எங்களாண்ட வந்துடு."

"இங்க படிக்கிற புள்ளைங்கள அங்க யாரு இட்டுக்கினு வர்றது? நீயா?"

"இவ்ளோ ரோஷம் எழுதும்போது இருந்திருக்கணும். உடு, நமசிவாயம்னு சொல்லிக்கினு மனச ஆத்திக்க."

அந்த 'நமசிவாயம்'தான் என்னைச் சுட்டது. பல வருடங்களாக நான் மூச்சுக்கு மூச்சு ஜபித்த மந்திரம் அது. அதைத் தோற்றவர்களுக்கான ஒத்தடமாக்கிவிட்டார். அடங்கிப் போவதற்காக நான் ஜபிக்கவில்லை. பார்க்கிறவன் வேறு, கலங்குகிற மனம் வேறு என்று யோகம் சொல்வதை உரைகளில் படித்திருந்தேன். அன்றுதான் அது எனக்கு உறைத்தது. அவமானப்பட்டது மனம். எழுத்தை மாற்றியது கை. இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்த நான் இன்னும் தோற்கவில்லை.

பயிற்சி நீண்ட நாள் இடைவிடாமல் நடக்க வேண்டும் என்பது யோகத்தின் இன்னொரு கண்டிப்பு. தினமும் விடிந்ததும் உட்கார்ந்தேன். ஒரு மூச்சு, ஒரு மந்திரம், ஒரு வரி தெலுங்கு. கை தமிழுக்குத் தாவினால் என்னை நானே திட்டிக்கொள்வதில்லை. அந்த எழுத்தை அடித்துவிட்டு, மறுபடி ஒரு மூச்சு. நான்கு மாதத்தில் தவறியது இரண்டு நாள். இரண்டும் காய்ச்சல்.

மூன்றாவது தேர்வு திருப்பதியில். இரண்டாம் பக்கத்தில் பயம் சொல்லிவைத்தாற்போல வந்து நின்றது. கை ஒரு தமிழ் எழுத்தைப் போட்டது. பார்த்தேன், அடித்தேன், கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"ஏமம்மா, நித்ரா?" தூக்கமா என்று கேட்கிறார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"லேது சார். மீரு சதவண்டி." இல்லை, நீங்கள் படியுங்கள் என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் படித்தார். நான் எழுதினேன்.

தேர்ச்சிப் பட்டியலில் என் எண் கடைசிக்கு முந்தையது.

"இனிமே நீ எங்களாண்ட வரவே மாட்ட" என்றார் அண்ணன்.

"மாட்டேன்."

திங்கட்கிழமை சான்றிதழைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன். அவர் அதைப் படித்து முடிக்கும்வரை நிற்கவில்லை. வகுப்புக்குப் போய்த் தமிழ்ப் பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.