எந்தப் பொத்தானிலும் இல்லாத ஒலி

எங்கள் மேடைக் குழுவில் அவரைக் குமாஸ்தா என்றுதான் சொல்வோம். அவருடைய வேலை சாம்ப்ளர். பதினாறு ரப்பர் பொத்தான்கள் உள்ள ஒரு பெட்டி. ஒன்றைத் தட்டினால் மழை பெய்யும், இன்னொன்றைத் தட்டினால் ரயில் போகும். அந்த ஒலிகளெல்லாம் நகத்தளவு மெமரி கார்டில் இருக்கும். நான் பேஸ் கிட்டார்காரன், நாலு கம்பியையே ஒழுங்காகத் துடைக்காதவன். அவரோ ஒவ்வொரு ஒலிக்கும் எண், தேதி, பாட்டின் பெயர் போட்டு அடுக்குவார். வீட்டுக் கம்ப்யூட்டரில் பிரதி எடுப்பார். எடுத்ததை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுப் பார்த்தால்தான் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பார். "தம்பி, உங்க அண்ணன் என்னையும் ஒருநாள் நம்பர் போட்டு அடுக்கிடுவாரு," என்று அவர் மனைவி என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அண்ணி போன வருஷம் இறந்துபோனார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, புது மைக்கைச் சோதிக்க அண்ணியைப் பேசச் சொல்லி, பெட்டியிலேயே பதிவு செய்திருந்தார் குமாஸ்தா. பதினோரு வினாடி. போனை நீட்டினாலே ஓடிப்போகிற அண்ணியின் குரல் வேறெங்கும் இல்லை.

பொத்தானில் இருந்தால் மேடையில் கை தவறித் தட்டிவிடுவோமோ என்று, அந்த ஒலியைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டார். கார்டில் சும்மா கிடந்தது. சோதனைதானே என்று அப்போது பிரதி எடுக்கவில்லை; அண்ணி போன பிறகும் எடுக்கவில்லை, எடுத்தால் கேட்டுப் பார்க்க வேண்டுமே. துக்கம் விசாரிக்கிறவர்களிடம், "பரவால்ல, பழகிருச்சு," என்பார். எனக்கு எரிச்சலாக வரும். பல்வலிக்காரன்கூட இதைவிடக் கொஞ்சம் முகம் சுளிப்பான்.

போன மாதம் ஒரு நிகழ்ச்சி. மத்தியானம் மூன்று மணிக்கு, அன்றைய பாட்டுகளுக்கென்று மொத்தம் முப்பது புது ஒலிகளோடு பாடகி வந்து நின்றார். கார்டில் இடமில்லை.

"சீக்கிரம்ணே, ஆறு மணிக்கு மேடை ஏறணும்," என்று அவசரப்படுத்தினார்.

எப்போதும் ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்கிற மனிதர், அன்று பயன்படாத ஒலிகளை மொத்தமாக நீக்கச் சொல்லி அழுத்திவிட்டார். எந்தப் பொத்தானிலும் இல்லாத ஒலி எதுவோ, அதுதான் அந்தப் பெட்டிக்குப் பயன்படாத ஒலி. நீக்கியவற்றின் பட்டியல் திரையில் ஓடியது.

"போச்சு," என்றார்.

"என்னண்ணே போச்சு?"

"அவ."

அண்ணியின் அந்தப் பதினோரு வினாடி. அழித்த ஒலி உடனே கார்டைவிட்டுப் போய்விடாது, அதன்மேல் வேறெதையும் எழுதாதவரை கடையில் கொடுத்து மீட்கலாம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"அண்ணே, கார்டைக் கழட்டுங்க. இன்னிக்கு மழையும் வேணாம், ரயிலும் வேணாம்!"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பாவம், அந்தப் பொண்ணு பாட்டு கெட்டுரும்பா."

முப்பதையும் ஏற்றினார். கார்டு விளிம்புவரை நிரம்பியது. ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டுச் சரிபார்த்தார். அவர் கையைப் பிடித்துத் தடுக்காமல் மரம் மாதிரி நின்றேனே என்று எனக்கு இன்னும் என்மேலேயே கோபம். அன்றைக்கு மேடையில் அவர் ஓரிடத்தில்கூடத் தப்பு விடவில்லை.

மறுநாள் காலை நான்தான் விடாப்பிடியாக அவரைக் கடைக்கு இழுத்துப் போனேன். கல்லூரிக்குப் போகாமல் அவர் மகளும் கூட வந்தாள். கடைக்காரர் ஒரு மணி நேரம் முயன்று பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள். "நேத்து உங்ககிட்ட வேற கார்டே இல்லையாப்பா?"

"இருந்துச்சு. பையில. புதுசு."

"அப்புறம் ஏம்ப்பா?"

அவர் யோசித்தார். சமாளிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார்.

"தெரியலம்மா. எடுத்துப் போடணும்னு தோணல."

அவள் நடைபாதையிலேயே நின்று, ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதாள். அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்காவது அழுகை வருதே," என்றார்.