பதினான்காம் எண்ணின் இருபத்திரண்டு புள்ளிகள்

முப்பத்தெட்டு ஆண்டுகளாக எங்கள் ஊர் விர்ராபின் பெண்கள் கூடைப்பந்து அணி எங்கே ஆடினாலும் புள்ளி எழுதும் மேசையின் நடு நாற்காலி கிளெனிஸ் டிரெவினுடையது. பகலில் கால்நடை மருத்துவமனையில் வரவேற்பாளர். அணி ஐந்து முறை தேசியக் கோப்பை வென்றது. ஐந்தையும் அவள் பார்த்ததாகச் சொல்லமாட்டாள், எழுதியதாகத்தான் சொல்வாள்.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய என் தலையில் விளையாட்டுக் கழகம் அணியின் வரலாற்றை எழுதும் வேலையைக் கட்டியது. ஆட்டத் தாள்கள் அத்தனையும் கிளெனிஸின் கார் கொட்டகையில், பால் கூடைகளில் கிடந்தன. எண்பத்தொன்பதாம் ஆண்டு இறுதியாட்டத் தாளில் பதினான்காம் எண் ஜூடித் மேடர்ன், இருபத்திரண்டு புள்ளிகள், எல்லாமே கறுப்பு மையில். அதே ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் எடுத்த புகைப்படத்தில் ஜூடித் பெஞ்சில் இருக்கிறாள், கால் ஐஸ் வாளிக்குள்.

"இந்தப் பதினாலு ஜூடித் இல்லையே?" என்று கிளெனிஸிடம் கேட்டேன்.

"லொரெய்ன். இடைவேளைக்கு அப்புறம் அவ சட்டை கிழிஞ்சுது. ஜூடித்தோடத வாங்கி மாட்டிக்கிட்டா. எண் மாறினா மேசையில சொல்லணும். சொல்லல."

"உங்களுக்குத் தெரியும்தானே?"

"நான் எழுதுறது எண்ணை. மூஞ்சிய இல்ல."

அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் செய்தித்தாள் ஆட்டத் தாளைப் பார்த்து எழுதியது. கழகம் செய்தித்தாளைப் பார்த்து எழுதியது. சனிக்கிழமை புதிய கௌரவப் பலகையில், அந்த இறுதியாட்டத்தில் அதிகப் புள்ளி எடுத்தவளாக ஜூடித்தின் பெயரை எழுதப்போகிறார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் லொரெய்ன், பேரப்பிள்ளைகளோடு அதன் கீழே நின்று கைதட்ட வேண்டும்.

ஜூடித்துக்குப் போன் செய்தேன். "அது நான் இல்லேன்னு நூறு தடவ சொல்லிட்டேன்மா. தாள்ல அப்படித்தான் இருக்குன்றாங்க. அதுக்காக யாராவது பியர் வாங்கித் தந்தா குடிக்கிறேன், வேற என்ன பண்ண?"

கழகச் செயலாளரும் அதையேதான் சொன்னார்: தாள் மாறினால் பலகை மாறும்.

"மாத்துங்களேன்," என்றேன் கிளெனிஸிடம்.

"நடுவர் கையெழுத்துப் போட்ட தாளை யாரும் தொடக்கூடாது."

"பின்பக்கம்? புகார் எழுத இடம் இருக்கே."

"அதுக்கும் அவர் கையெழுத்து வேணும்."

மூன்று நாள் இதே பேச்சு. கடைசியில் நானே அந்த ஆட்டத்தின் நடுவர் ரானைத் தேடிப் பிடித்தேன். எண்பத்து மூன்று வயது, குயின்ஸ்லாந்தில் மகள் வீட்டில் இருந்தார். கிளெனிஸும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"கிளெனிஸ் எழுதினதா?" சிரித்தார். "அப்ப சரியாத்தான் இருக்கும். அந்தப் பொண்ணு ஒரு தப்புகூட விட்டதில்ல. போய் வேற வேலையப் பாரும்மா."

எனக்குத் தாளைக் கிழித்து வாயில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. கிளெனிஸ் போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"தப்புதான், ரான். எழுதும்போதே தெரியும். நிமிர்ந்து பார்த்தேன், லொரெய்ன்தான். பதினாலுன்னு எழுதினேன்."



"சரி, பின்பக்கம் எழுது," என்றார். "படம் எடுத்து என் மகளுக்கு அனுப்பு. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

என்னிடமிருந்த சிவப்புப் பேனாவை நீட்டினேன். அவள் தொடவில்லை.

"சிவப்பு முதல் பாதிக்கு. கறுப்பு எடுத்துட்டு வா."